என் பெயரால் விழுந்த வோட்டு

1

சென்ற வெள்ளிக்கிழமை மாலை அரிசிக் கிட்டங்கியில் வேலை முடிந்து கொட்டாஞ்சேனையிலுள்ள வீட்டுக்குத் திரும்பினேன். முன்னறை மேசையின்மேல், கொழும்பு நகரசபையார் அனுப்பிய பத்திரம் ஒன்று எழுதி நிரப்பப்பட்டுக் கிடந்தது. வரப்போகும் எலெக்‌ஷனுக்கு வோட்டர்களின் பெயர்ப் பட்டியலான ஜாபிதா தயாரிக்கிறார்கள். குறித்த தொகைக்குமேல் வாடகை கொடுத்துக் குடியிருப்போர் தம் பெயரையும் ஊரையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டும் என்பது விதி.

இதற்காக ஒரு சிங்கள உத்தியோகஸ்தர் முன்பே இரண்டு முறை வந்து போயிருந்தார். முதல்முறை அவர் எனக்காகத் தமிழில் பேச முயன்றார், நான் அவருக்காகச் சிங்களத்தில் பேச முயன்றேன், இருவரும் களைத்துப்போனோம். ஊர் எது என்று கேட்டார். அம்பாசமுத்திரம் தாலுகா என்றேன். மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இந்தியா" என்று ஒரே சொல்லாக எழுதிக்கொண்டார். அவ்வளவு பெரிய ஊரில் எனக்கு யாரையும் தெரியாதே என்று சொல்ல நினைத்தேன். சொல்லத்தக்க சிங்களம் என்னிடம் இல்லை. கையொப்பத்தை மட்டும் பிறகு தருவதாகச் சொல்லி அனுப்பினேன். இரண்டாம் முறையும் அப்படியே சொன்னேன். ஏன் தள்ளிப்போடுகிறேன் என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அன்று மேசைமேல் கிடந்த பத்திரத்தின் அடியில் என் கையொப்பம் இருந்தது. நான் இட்டதன்று.

"நானே போட்டுட்டேன்பா" என்றான் மூத்த மகன். கோட்டைப் பகுதியில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கிறான். இங்கிலீஷ் எழுத்து அவனுக்கு முத்துப்போல வரும். தமிழ் எழுத்தை எப்போதாவது எனக்காக எழுதுவான். "அந்த மனுஷன் நாளைக்கு மூணாந்தரமா வந்து வாசல்ல நிப்பார். எத்தனை தடவைதான் அவரைத் திருப்பி அனுப்புறது? உங்க எழுத்து மாதிரியேதான் போட்டிருக்கேன். வந்ததும் வாங்கிக்குவார்."

உண்மைதான். என் எழுத்தைவிட அது என் எழுத்துப்போல இருந்தது. என் கை நடுக்கம் மட்டும் அதில் இல்லை.

நான் அதையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவன், "இதில என்னப்பா இருக்கு? நீங்க போட வேண்டியதை நான் போட்டேன், அவ்வளவுதானே" என்றான்.

இந்த வாக்கியத்தை நான் வேறொருவர் வாயிலிருந்து முன்னமே கேட்டிருக்கிறேன். அது தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் ஊரில். அதற்கு அன்றும் எனக்கு விடை தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி ஊரிலுள்ள அன்பர்களுக்குப் பத்திரிகை வாயிலாக எழுதி வைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் ஒருவருடைய பெயரையும் எழுதப்போவதில்லை.

2

எங்கள் பக்கத்துச் சிவாலயங்களை மேற்பார்வை பார்க்கத் தேவஸ்தானக் கமிட்டி ஒன்று உண்டு. அதில் ஒரு மெம்பர் காலமானால், அந்த இடத்துக்கு வோட்டுப் போட்டு வேறொருவரைத் தெரிந்தெடுப்பார்கள். ஒருமுறை வந்தவர் தம் ஆயுள் உள்ளளவும் மெம்பர். ஊரில் என் பேரில் இன்னும் வீட்டு வரி இருப்பதால், இருபது வருஷத்துக்கு மேலாகக் கடலுக்கு இப்பால் இருந்தும் எனக்கு அங்கே ஒரு வோட்டு உண்டு.

அவ்வாறு ஓர் இடம் காலியானபோது இரண்டு அபேட்சகர்கள் நின்றார்கள். ஒருவர் எங்கள் ஊர்ப் பண்ணையார்; கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் அவரே. மற்றவர் முனிசீப் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் பெற்றவர். என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர். ஊரார் அவரைக் கோர்ட்டுப் பிள்ளை என்பார்கள்.

பண்ணையார்மீது எங்களுக்கு இருந்த குறை ஒன்றுதான். கோயில் ஓதுவாருக்கு நெடுங்காலமாக அளந்துவந்த நெல்லை அவர் நிறுத்திவிட்டார். "மணி இருக்கு, மேளம் இருக்கு, இதுல பாட்டு வேற எதுக்கு?" என்றாராம். ஓதுவார் ஒரு வருஷம் நெல் இல்லாமலே சாயரட்சைப் பூஜையில் நின்று பாடினார். அதன்பின் பாட்டு நின்றது. நான் பிறந்தது முதல் கேட்ட பதிகங்கள் அந்தச் சந்நிதியில் கேட்கவில்லை என்ற செய்தி, கொழும்பில் மூடைகளின் நடுவே எனக்கு வந்து சேர்ந்தது. அன்று நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் அது பெருமைக்காக எழுதியதாகும். சாப்பிட்டேன், ஆனால் என்ன சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

கோர்ட்டுப் பிள்ளை எனக்கு நீண்ட கடிதம் எழுதினார். தாம் மெம்பரானால் முதற்காரியமாக ஓதுவாருக்கு அந்த நெல் படித்தரம் திரும்ப ஏற்படும் என்றும், போட்டி கடுமையாக இருப்பதால் ஒரு வோட்டும் வீணாகக் கூடாது என்றும், வோட்டெடுக்கும் நாளில் அம்பாசமுத்திரம் ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புவதாகவும் எழுதியிருந்தார். அதன் ஓரத்தில் ஓதுவார் தம் கையால் இரண்டு வரி சேர்த்திருந்தார்: "அண்ணாச்சி அவசியம் வரவேண்டும். வீட்டில் ஐந்து வயிறு இருக்கிறது."

கிட்டங்கி முதலாளியிடம் பத்து நாள் ரஜா கேட்டேன். கல்யாணமா, கருமாதியா என்று கேட்டார். வோட்டு என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொள்ளும்படி கணக்கரிடம் சொன்னார். திரும்பி வருவதற்குப் பிளேக் பாஸ் வேண்டும். அதற்கு டாக்டர் நாக்கையும் அக்குளையும் பார்க்க வேண்டும். அவர் கையெழுத்து இருந்தால் முத்திரை இராது, முத்திரை இருந்தால் தேதி இராது. இவற்றையெல்லாம் யோசியாமலே கப்பலேறினேன்.

3

தூத்துக்குடியில் இறங்கி, திருநெல்வேலியில் ஒரு சத்திரத்தில் தங்கி, மறுநாள் காலை ரயிலில் அம்பாசமுத்திரத்துக்குப் புறப்பட்டேன். எதிர்ப் பலகையில் பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் இருந்தார். மிஷன் பள்ளி உபாத்தியாயர். மேற்கே ஒரு கிராமத்துக்கு மாற்றலாகிப் போகிறவர். நான் எதற்காக வருகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்.

"வோட்டுப் போடவா கடல் தாண்டி வாறீரு? எங்க சபையில, வாசல்ல நிக்கவன உள்ள கூப்பிட்டு வோட்டு வாங்க முடியல. சரி, யாருக்குப் போடப் போறீரு?"

"கோர்ட்டுப் பிள்ளைக்கு."

"ஏன்னு கேக்கலாமா?"

இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. "பதிகம் கேட்கும்போது அவருக்குக் கண்ணில் நீர் வரும்" என்றேன்.

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "எங்க சபையிலயும் ஜெபத்துல அழுத ஒருத்தரத்தான் பொக்கிஷதாரராப் போட்டோம். அழுகை இப்பவும் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. பொக்கிஷந்தான் கொஞ்சம் சரியில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அது நின்றும் போயிற்று. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நெனைக்காதீரும். உங்க கோர்ட்டுப் பிள்ளை ஆளுக ஊர் ஊராப் போயி, சாஸ்தா கோயில்ல கற்பூரத்தக் கொளுத்தி, வோட்டரக் கையால அணைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்குதாவன்னு கேள்வி."

"பண்ணையார் என்ன செய்கிறார்?"

"அவரு ஆளுக வேட்டியும் துண்டும் கொடுக்குதாவ. ஒருத்தரு சாமியக் காட்டுதாரு, ஒருத்தரு துணியக் காட்டுதாரு. உமக்கு எது வேணும்?"

பிறகு அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. வேட்டி வாங்கியவன் வேட்டியைக் கட்டிக்கொண்டு, மனம் மாறினால் மாற்றி வோட்டுப் போடலாம்; ஊரார் நாலு வார்த்தை சொல்வார்கள், துணியும் ஒருநாள் கிழிந்துபோகும். கற்பூரத்தை அணைத்தவன் மனத்தை மாற்ற வழியில்லை. அவனுடைய வோட்டை மாத்திரமன்று, அவனுடைய பயத்தையும் வாங்கிக்கொண்டார்கள். தெய்வத்தின் பேரால் ஒருவனைக் கட்டுவது துணியால் கட்டுவதைக் காட்டிலும் நல்லதா, கெட்டதா? பண்ணையார் பாட்டை நிறுத்தியவர். ஆனால் கிழக்கு மதிலை இடிந்துவிழாமல் கட்டியவரும் அவரே. மனத்திலிருப்பதை மறைத்துப் பேசத் தெரியாதவர். கோர்ட்டுப் பிள்ளை எங்களுள் ஒருவர். ஆனால் கோர்ட்டில் அவரைப் பார்க்கப் போனவர்கள் வெறுங்கையோடு போனதில்லை என்று முன்பு சிலர் சொல்லி, நான் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்ததும் நினைவுக்கு வந்தது. அபேட்சகனின் நெஞ்சைத் திறந்து பார்க்க ஒரு வழியுமில்லை. வாயைப் பார்க்கிறோம், நெற்றியைப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம். கையைப் பார்ப்பதற்கு அவன் முதலில் மெம்பராக வேண்டியிருக்கிறது.

கொழும்பில் கப்பலேறியபோது என்னிடம் ஒரு தீர்மானம் இருந்தது. அம்பாசமுத்திரத்தில் இறங்கியபோது அது என்னிடம் இல்லை.

4

இறங்குவதற்கு முன்பே கோட்டையும் தலைப்பாகையையும் கழற்றி மூட்டையில் கட்டிவிட்டேன். கடல் தாண்டி வந்தவன் ஆற்றில் முழுகி, மூன்று பதிகங்களேனும் ஓதி முடித்த பிறகே மற்றக் காரியங்களில் இறங்குவது எங்கள் வீட்டு வழக்கம். என் தகப்பனார் ஒருநாளும் கடல் தாண்டியவரல்லர். ஆயினும் தாண்டுகிறவர்களுக்கான விதிகளை எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். தொடங்கிய பதிகத்தை இடையில் நிறுத்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று.

ஸ்டேஷன் வாசலில் வண்டி நிற்கும் என்பது எனக்கு நினைவிருந்தது. குளித்துவிட்டு வந்து ஏறிக்கொள்ளலாம் என்று எண்ணி, கொல்லைப்பக்கமாக வயல் வரப்பில் இறங்கி ஆற்றுக்கு நடந்தேன். வண்டிக்காரன் கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு கொழும்புக்காரரைத் தேடிக்கொண்டு நிற்பான் என்பது எனக்குத் தோன்றவில்லை. இடுப்பில் துண்டும் தோளில் மூட்டையுமாகப் போன கிழவனை அவன் எதற்காகப் பார்க்கிறான்?

ஐப்பசி மாதம். ஆறு நிறையப் போயிற்று. முழுகி எழுந்து, திருநீறு பூசி, படித்துறையில் உட்கார்ந்து ஓதத் தொடங்கினேன். மூன்று பதிகங்கள் முடிந்தன. மனம் தெளியவில்லை. நான்காவது தொடங்கினேன். ஐந்தாவதும் தொடங்கினேன். யாருக்கு வோட்டுப் போடுவது என்று நேரடியாகக் கேட்க வெட்கமாயிருந்தது. ஆகையால் கேளாமலே விடையை எதிர்பார்த்துப் பாடிக்கொண்டிருந்தேன். வெயில் தலையிலிருந்து தோளுக்கு இறங்கியது. தொடங்கியதை நிறுத்தலாகாதே என்று பாடினேன் என்று சொல்வது பாதி உண்மை. முடித்தால் எழுந்துபோய் ஒரு பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பது மற்றப் பாதி.

விடை ஒன்றும் வரவில்லை. இன்னொருமுறை முழுகிவிட்டு எழுந்தேன். ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தால் வண்டியும் இல்லை.

5

வோட்டு எடுத்த சத்திரம் அங்கிருந்து இரண்டு மைல். உடுப்பு மாற்றவும் நேரமில்லாமல் நடந்தே போனேன். முற்றத்தில் கூட்டம் நிறைய இருந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் டிப்டி தாசில்தார் ஒருவர் இருந்தார், தஞ்சாவூர்ப் பக்கத்தவர், எங்களில் யாரையும் அறியாதவர். அவருக்குப் பக்கத்தில் ஜாபிதாவோடு ஒரு குமாஸ்தா. இரு பக்கத்துப் பெஞ்சுகளிலும் இரு கட்சிகளின் ஏஜெண்டுகள். வோட்டர் ஒவ்வொருவராக எதிரே வந்து, தம் பெயர், தகப்பனார் பெயர், தெரு மூன்றையும் சொல்லி, பிறகு தாம் தெரிந்தெடுக்கும் அபேட்சகரின் பெயரைச் சொல்ல வேண்டும். குமாஸ்தா அதை எழுதிக்கொள்வார்.

"பேரு?" என்றார் குமாஸ்தா.

என் பெயரையும், தகப்பனார் பெயரையும், தெருவையும் சொன்னேன்.

அவர் விரல் ஜாபிதாவில் இறங்கி ஓரிடத்தில் நின்றது. "இது ஆயிட்டுதே. அவர் வந்து சொல்லிட்டுப் போயி அரைமணி ஆச்சு."

வெளியூரிலிருந்து அமர்த்தப்பட்டிருந்த பண்ணையாரின் ஏஜெண்டு எழுந்து நின்றார். "நான் அப்பமே சொன்னேனே எசமான். கோட்டு கொழும்பு மாதிரி இருந்துது, காலு களத்துமேடு மாதிரி இருந்துது. செருப்புப் போட்ட காலா அது? ஆள் மாறாட்டம் எசமான், எழுதிக்கிடுங்க."

டிப்டி தாசில்தார் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஓய், இந்தப் பெயர் உம்முடையதா? உம்முடையதுதான் என்றால், முன்னே வந்தவன் பொய்யன். இதற்கு ஜெயில் உண்டு. அவன் இன்னும் இங்கேதான் இருப்பான். பார்த்து ஆளைக் காட்டும், சேவகனை அனுப்புகிறேன்."

நான் திரும்பி முற்றத்தைப் பார்த்தேன்.

மருதமரத்தடியில் ஓதுவார் நின்றார். தலையில் ஒரு தலைப்பாகை. நெற்றியில் திருநீறு இல்லை. கறுப்புக் கோட்டு அணிந்திருந்தார். அதன் பித்தான்கள் ஒன்று மாறி ஒன்றில் மாட்டப்பட்டு, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அந்தக் கோட்டு என்னுடையது. முன்பு ஒரு மார்கழியில் ஊருக்கு வந்திருந்தபோது, விடியற்காலையில் குளிரில் நின்று பாடுகிறாரே என்று நான் கழற்றிக் கொடுத்தது. அவர் என்னைப் பார்த்தார். ஓடவில்லை, கையெடுத்துக் கும்பிடவும் இல்லை. பிடிக்கச் சொன்னால் பிடித்துக்கொள்ளட்டும் என்று நிற்பவரைப்போல நின்றார்.

என் கோலத்தை அப்போதுதான் நானே உணர்ந்தேன். இடுப்பில் ஈரத்துண்டு, நெற்றி நிறையத் திருநீறு, வெறும் மார்பு. அவர் நானாக நின்றார். நான் அவராக நின்றேன்.

"பெயர் என் அண்ணனுடையது" என்றேன். "அவர் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தாரா என்று விசாரிக்கவே வந்தேன்."

ஏஜெண்டு என் அருகே வந்தார். "தம்பியா? நெத்தி நெறைய திருநூறு பூசிருக்கீரு. ஆத்து ஈரம் இன்னும் காயல. சொல்லுதது நெசந்தானா வே?"

"நிஜந்தான்."

டிப்டி தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். "உம் அண்ணன் வந்து, வோட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார். சௌக்கியமாகத்தான் இருக்கிறார். அடுத்த ஆள் வரலாம்."

வெளியே வரும்போது ஏஜெண்டின் குரல் பின்னால் கேட்டது. "அண்ணனக் கண்டா நான் கேட்டதாச் சொல்லும்." சிலர் சிரித்தார்கள்.

6

வாய்க்கால் ஓரமாக நடந்தேன். பின்னால் பத்தடி தள்ளி ஓதுவார் வந்துகொண்டிருந்தார். கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"வண்டி காலியா வந்துட்டு அண்ணாச்சி" என்று அவரே தொடங்கினார். "நீங்க வரலன்னு சொல்லிட்டாவ. உங்கள மாதிரி வாட்டசாட்டமா ஆளு வேணும்னு கோர்ட்டுப் பிள்ளை சொன்னாரு. கோட்டு யாருகிட்ட இருக்குன்னாரு. எங்கிட்டத்தான இருந்துது."

நான் நடந்துகொண்டே இருந்தேன்.

"பேரு கேட்டாரு. சொன்னேன். வாய் நடுங்கும்னு நெனச்சேன். நடுங்கல. அதான் எனக்குப் பயமா இருக்கு. இத்தன வருசமும் கடைசிப் பாட்டுல, பாடினவர் பேரத்தான நானுன்னு சொல்லிச் சொல்லி முடிச்சேன். அந்தப் பழக்கந்தான் கைகொடுத்துதோ என்னமோ."

பதிகத்தின் இறுதிப் பாட்டில், பாடிய அடியார் தம் பெயரையும் ஊரையும் சொல்லி, இன்னான் பாடியது என்று முடிப்பது மரபு. எத்தனையோ நூற்றாண்டுகளாக ஓதுவார்கள் அந்தப் பெயரைத் தம் வாயால் சொல்லிவருகிறார்கள். அதை ஆள் மாறாட்டம் என்று ஒருவரும் சொன்னதில்லை. அவர் அதையும் இதையும் சேர்த்து நினைத்துவிட்டார். பிரித்துக் காட்ட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் ஓதியும் எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை கோர்ட்டுப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். மிகச் சில வோட்டுகளில் அவர் ஜெயித்திருந்தார். சந்தன மாலையோடு என்னைக் கட்டிக்கொண்டார். கூட்டம் கலைந்த பிறகு, நடந்ததை எடுத்துச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"தெரியுமே. நீரு வந்து நின்னதும், நின்ன இடத்துல புத்தியாப் பேசினதும் எனக்கு உடனே தகவல் வந்துட்டு. பெரிய உபகாரம் வே."

"என் வோட்டை இன்னொருவர் போட்டிருக்கிறார்."

"இதுல என்ன வே இருக்கு? நீரு போட வேண்டியத அவரு போட்டாரு. வேற ஆளுக்கா போட்டோம்?"

"நான் இன்னும் தீர்மானித்திருக்கவில்லை."

அவர் சிரித்தார். "தீர்மானிக்காமலா ஓய் கடல் தாண்டி வந்தீரு?"

அன்று அந்த மேசைக்கு முன்னால் நின்று ஒரு பெயரைச் சொல்லியிருந்தால், நான் யாருக்கு வோட்டுப் போட விரும்பினேன் என்பது எனக்கே தெரிந்திருக்கும். சொல்லுகிற வினாடி வரையில் பல பேருக்கு அது தெரிவதில்லை என்று நினைக்கிறேன். அந்த வினாடியைத்தான் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர்கள் கெட்டவர்களாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன். எடுத்தவர் பசித்தவர். எடுக்கும்படி ஆற்றங்கரையில் நேரத்தைக் கொட்டியவன் நான்.

நான் புறப்படுவதற்கு முன்பே சாயரட்சையில் பாட்டுத் திரும்பியது. கோர்ட்டுப் பிள்ளை சந்நிதியில் முன்னால் நின்றார். அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அது பொய்க் கண்ணீரன்று என்று நான் எங்கும் சொல்வேன். ஓதுவாரின் குரல் ஒரு வருஷ மௌனத்தில் கெட்டுப்போகவில்லை. ஒன்று, இரண்டு என்று பாட்டுகள் ஏறி, பத்தாவது முடிந்தது. பதினோராவது, பெயர் சொல்லும் பாட்டு. அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். தீபாராதனை மணி அடித்துவிட்டது. பதிகம் முடியவில்லை என்பதைக் கவனித்தவர்கள் மூன்று நான்கு பேர்தான். அவர்களும் மணியை முந்தி அடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாளும் அவ்வாறே பாடினார். அதற்கு மறுநாள் நான் ஊரிலில்லை.

7

இங்கே வந்த பிறகு அவருக்கு எழுதிக் கேட்டேன். கார்டில் பதில் வந்தது. "அந்த இடம் வரும்போது, பேரு என்ன என்று குமாஸ்தா கேட்பதுபோல் இருக்கிறது. நா எழவில்லை. பத்து வரைக்கும் தடையில்லை" என்று எழுதியிருந்தார்.

இரண்டு வருஷம் அவர் அப்படியே பத்துப் பாட்டு வரைக்கும் பாடினார். பிறகு சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. கமிட்டி மெம்பரான கோர்ட்டுப் பிள்ளை கோயிலைப் பார்வையிட்டபோது, ஓதுவார் பதிகத்தை முழுதும் ஓதுவதில்லை என்று கண்டு, முறைப்படி ஓதாதவருக்குப் படித்தரம் கொடுப்பது தர்மத்துக்கு விரோதம் என்று புத்தகத்தில் எழுதிவிட்டாராம். அந்த இடத்துக்குத் தம் சகோதரியின் மகனை நியமித்திருக்கிறார். பையன் பதினொன்றையும் பாடுகிறானாம். நல்ல குரல் என்றும் ஓதுவாரே எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசி வரி: "தங்கள் வோட்டினால் வந்தவர். தாங்கள் ஒரு வார்த்தை எழுதினால் தட்டமாட்டார்."

இதை எத்தனை முறை வாசித்தேன் என்று சொல்ல முடியாது. என் வோட்டினால் வந்தவர். உண்மையில், உம் வோட்டினால் வந்தவர் அல்லவா, உமக்கு வோட்டே இல்லாதிருந்தும் நீர் போட்டு வந்தவர் அல்லவா என்று அவருக்கு எழுத முடியுமா? அவருக்கு அது தெரியாததா?

மேலதிகாரிகளுக்கு விண்ணப்பம் செய்யலாமா என்று யோசித்தேன். செய்தால் ஜாபிதாவை எடுத்துப் பார்ப்பார்கள். என் பெயருக்கு நேரே வந்து நின்றவர் யார் என்று கேட்பார்கள். கேட்டால் ஜெயிலுக்குப் போகிறவர் கோர்ட்டுப் பிள்ளை அல்லர். பண்ணையாரிடம் சொல்லலாமா? அவர் கேட்டுவிட்டுச் சிரிப்பார். அவர் சிரிப்பதில் நியாயமும் இருக்கும். மெம்பர் ஆயுள் உள்ளளவும் மெம்பர். அவருக்கு என் வயது, என்னைவிடத் திடமானவர்.

ஊரில் அடுத்தமுறை வோட்டுப் போடப்போகும் அன்பர்கள் என்னிடம் ஏதேனும் புத்தி எதிர்பார்த்தால், மன்னிக்க வேண்டும். நேரத்தோடு போங்கள் என்று மட்டும் சொல்லலாம். நேரத்தோடு போய் நின்று, நல்ல அபேட்சகனை எதைக் கொண்டு அறிவது என்று கேட்டால், கண்ணீரைக் கொண்டு அன்று என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். எதைக் கொண்டு என்பது தெரியாது.

செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சமாயிருந்தது: கோர்ட்டுப் பிள்ளையைக் கெஞ்சுவது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, குளித்து, பூஜை முடித்து, அவருக்கு எழுத உட்கார்ந்தேன். ஒரே பலகையில் உட்கார்ந்து படித்ததை எழுதினேன். ஓதுவார் வீட்டில் ஐந்து வயிறு இருப்பதை எழுதினேன். பத்துப் பாட்டைக் கேட்ட ஈசன் பதினோராவதைக் கேளாமலே அருள்செய்யக் கூடியவன் என்றும் எழுதினேன். எழுத்து ஓடிற்று. இவ்வளவு நன்றாக நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை.

அடியில் கையொப்பம் இட வேண்டிய இடம் வந்தது. அந்தப் பெயருடையவன் வந்து, தன் வோட்டைப் போட்டுவிட்டு, சௌக்கியமாகத் திரும்பிப் போய்விட்டான் என்று சர்க்கார் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அவன் என் அண்ணன் என்று, ஆற்று ஈரம் காயாமல் நின்று சொன்னவன் நான். பேனா அங்கேயே நின்றது. மசி உலர்ந்தது. தொட்டு எடுத்தேன், மறுபடியும் உலர்ந்தது.

பெயரில்லாத கடிதத்தைக் கமிட்டியில் வாசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியே உறையிலிட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன். பத்திராதிபரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்; இதன் அடியிலும் பெயர் எழுதக் கை வரவில்லை.